படிப்பாரற்று நின்ற தூண்

"நடந்தது நடந்துவிட்டது. ஆண்ட மன்னர் மாண்டு மண்ணாயினர். அங்ஙனமிருக்க, வரலாற்று நூல்களை மட்டும் காலந்தோறும் ஏன் திருத்தி எழுதுகின்றனர்? எங்கள் இளமையில் பள்ளியில் ஒன்று படித்தோம்; எங்கள் மக்கள் இன்று வேறொன்று படிக்கின்றனர். இரண்டில் எது மெய்?" என்று அன்பர் ஒருவர் இப்பகுதிக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்.

நல்ல வினா. இல்லத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் பெற்றோர் பலருக்கும் எழக்கூடிய வினா. பொதுப்படையாக நான்கு வரிகளில் விடை கூறிவிடலாம். ஆயின் அது மனத்தில் நில்லாது. ஆகவே ஒரே ஒரு மன்னனை எடுத்துக்கொண்டு, அவன் வரலாறு எவ்வாறு மறைந்தது, எவ்வாறு மீண்டது, மீண்ட பின்னும் எத்துணை முறை திருத்தம் பெற்றது என்பதைக் காண்போம். அம்மன்னன் அசோகன்.

அவனைத் தேர்ந்தமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. நம்மவர் குடியேறி வாழும் பெருநகரங்கள் பலவற்றில் அவனுடைய எழுத்தைக் கண்ணாரக் காணலாம். தில்லியில் இரண்டு தூண்களும் ஒரு பாறையும் உள்ளன. இராசத்தானத்துப் பைராத்தில் கிடைத்த கல் கொல்கத்தாவிலுள்ள ஆசியக் கழகத்தில் இருக்கிறது. சோபாராவில் கிடைத்த கல்துண்டு மும்பை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கருநாடகத்தில் பிரமகிரியும் மாஸ்கியும், ஆந்திரத்தில் எர்ரகுடியும், குசராத்தில் கிர்நாரும் உள்ளன. நாள்தோறும் நாம் கையாளும் நாணயத்திலுள்ள சிங்கமுகமும் அவனுடையதே. 1905-ஆம் ஆண்டில் சாரநாத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட அத்தூண்தலையே 1950-ஆம் ஆண்டில் குடியரசின் இலச்சினையாயிற்று.

கல் நின்றது, சொல் மறைந்தது

தில்லியில் பிரோஸ் ஷா கோட்லாவின் இடிபாடுகளுக்கு நடுவே ஓங்கி நிற்கும் தூணை நம்மிற் பலர் கண்டிருப்போம். அஃது அங்கே முளைத்ததன்று. 14-ஆம் நூற்றாண்டில் சுல்தான் பிரோஸ் ஷா துக்ளக், தோப்ரா என்னும் சிற்றூரிலிருந்து அதனைக் கொண்டுவந்தார். தோப்ரா இன்று அரியானா மாநிலத்தில் இருக்கிறது. தூண் கொண்டுவரப்பட்ட வகையை ஷம்ஸ்-இ-சிராஜ் அபீப் என்னும் வரலாற்றாசிரியர் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். இலவம்பஞ்சை மலைபோற் குவித்து அதன்மேல் தூணை மெல்லச் சாய்த்தனர். நாணலாலும் பதப்படுத்தாத தோலாலும் அதனைச் சுற்றிக் கட்டினர். 42 சக்கரங்கள் பூட்டிய வண்டியில் ஏற்றி, பல்லாயிரவர் வடம் பிடித்திழுத்து, யமுனைக் கரை சேர்த்துப் படகுகளில் மிதக்கவிட்டுத் தில்லிக்குக் கொண்டு சென்றனர்.

இவ்வளவு பாடுபட்டுக் கொணர்ந்த தூணில் எழுத்துகள் நிறைந்திருந்தன. அவை யாவை என்றறியச் சுல்தான் ஆவல் கொண்டார். கற்றோர் பலரை வரவழைத்துக் காட்டினார். ஒருவராலும் படிக்க இயலவில்லை. பாரதத்து வீமன் ஆனிரை மேய்க்கையில் ஊன்றிய கோல் இது என்று மக்கள் பேசிக்கொண்டனர்.

நேயர்கள் ஈண்டுச் சற்றே நின்று எண்ண வேண்டும். அத்தூணில் எழுதியிருந்தது மந்திரமன்று, மறைபொருளுமன்று. வழிநெடுக நிழல்தரும் ஆலமரங்களை நட்டேன், மாந்தோப்புகள் வைத்தேன், கிணறுகள் அகழ்ந்தேன், தங்குமிடங்கள் அமைத்தேன் என்று ஓர் அரசன் தன் குடிமக்கள் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே, அவர்கள் வழங்கிய மொழியில் பொறித்த செய்தி. எழுத்து அழியவில்லை. கல் உடையவில்லை. படிக்கும் மக்கள் இல்லாமற் போயினர், அவ்வளவே.

எவரும் பகை கொண்டு அவ்வெழுத்தை ஒழித்தாரல்லர். தலைமுறைக்குத் தலைமுறை எழுத்தின் வடிவம் சிறிது சிறிதாக மாறியது. தந்தை எழுதியதை மகன் படித்தான். பாட்டன் எழுதியதைத் தட்டுத் தடுமாறிப் படித்தான். அதற்கும் முந்தியதை விட்டுவிட்டான். இப்படியே நூற்றாண்டுகள் சென்றன. இறுதியில் பேரரசன் ஒருவன் குரல் எவருக்கும் கேளாமற் போயிற்று.

ஒரு சொல் திறந்த கதவு

1784-ஆம் ஆண்டில் கொல்கத்தாவில் சர் வில்லியம் ஜோன்ஸ் ஆசியக் கழகத்தை நிறுவினார். பழைய கல்வெட்டுகளின் படிகள் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் அங்கு வந்து சேர்ந்தன. அந்நகரில் நாணயச்சாலை அலுவலராயிருந்த ஜேம்ஸ் பிரின்செப் என்பார், அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதையெல்லாம் அப்படிகளோடு போக்கினார். கமலாகாந்த வித்யாலங்கார் போன்ற பண்டிதர்கள் அவருக்குத் துணை நின்றனர். குப்தர் காலத்து எழுத்தை அறிஞர்கள் முன்னரே ஒருவாறு படித்திருந்தனர். 1836-இல் லாசன் என்னும் ஐரோப்பிய அறிஞர், ஒருபுறம் கிரேக்கமும் மறுபுறம் இப்பழைய எழுத்தும் கொண்ட நாணயம் ஒன்றில் அரசன் பெயரைப் படித்துக் காட்டினார். ஆயினும் கதவு முழுதும் திறக்கவில்லை.

1837-இல் சாஞ்சித் தூபியின் கல்வேலியிலிருந்து எடுத்த சிறுசிறு கல்வெட்டுகளின் படிகள் பிரின்செப்பின் கைக்கு வந்தன. அவையெல்லாம் குறுகிய வரிகள். பெரும்பாலானவை ஒரே வகையாக முடிந்தன: இரண்டு எழுத்துகள், இறுதியில் ஒரு புள்ளி. கோயில்களில் தூணும் படியும் விளக்கும் கொடுத்தவர் தத்தம் பெயரைப் பொறித்து வைப்பது இந்நாட்டு வழக்கம் என்பதை அவர் எண்ணிப் பார்த்தார். அங்ஙனமாயின், ஒவ்வொரு வரியின் முடிவிலும் வரும் சொல் 'கொடை' என்னும் பொருளுடையதாகவே இருத்தல் வேண்டும். அச்சொல் 'தானம்'. தகரமும் நகரமும் பிடிபட்டன. அவ்வெழுத்துகளைக் கொண்டு பிறவும் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. சில திங்களுக்குள் தில்லித் தூண் வாய் திறந்து பேசிற்று.

மன்னர் பெருமையன்று அவ்வெழுத்தைத் திறந்து வைத்தது. வேலியில் ஒரு கல்லுக்குப் பொருள் கொடுத்த வணிகரும் இல்லத்தரசியரும் துறவியரும் எழுதி வைத்த ஒரு சொல்லே திறந்து வைத்தது. பேரரசன் வரலாற்றுக்குப் பெயரறியாத எளியோர் திறவுகோல் தந்தனர். இளமையிலேயே உடல் நலிந்த பிரின்செப், 1840-இல் தம் நாற்பதாம் வயதில் மறைந்தார்.

அரசன் யார்?

எழுத்தைப் படித்தாயிற்று. ஆனால் அதில் அசோகன் என்னும் பெயரே இல்லை. 'தேவானாம்பிய பியதசி' என்றே அரசன் தன்னைக் கூறிக்கொள்கிறான். தேவர்க்கு இனியவன், இனிய பார்வையுடையவன் என்பது பொருள். இவன் யார்? இலங்கையில் தேவானாம்பிய தீசன் என்றொரு மன்னன் இருந்தமையால், அவனே இவன் என்று பிரின்செப் முதலிற் கருதினார். அதே காலத்தில் இலங்கையில் அலுவல் பார்த்துக்கொண்டு பாலி மொழி நூல்களை ஆராய்ந்த ஜார்ஜ் டர்னர், தீபவம்சத்தில் பியதசி என்னும் பெயர் மௌரிய அசோகனைக் குறித்தலைக் கண்டார். பிரின்செப் தம் முடிவை மாற்றிக்கொண்டார்.

முடிவு மாறியதேயன்றி, ஐயம் முற்றும் நீங்கியபாடில்லை. 1915-இல் கருநாடகத்து மாஸ்கியில், பொன் தேடி மலைகளில் அலைந்த பொறியாளர் ஒருவர் கண்ணில் ஒரு பாறைக் கல்வெட்டுப் பட்டது. அதில் தேவானாம்பியன் என்பதோடு அசோகன் என்னும் பெயரும் தெளிவாக இருந்தது. பிரின்செப் எழுத்தைப் படித்ததற்கும் இச்சான்று கிடைத்ததற்கும் இடையே 78 ஆண்டுகள் சென்றன.

அவன் வாழ்ந்த காலம் யாது? அதற்கும் கல்லே விடை தருகிறது. பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில் மேற்றிசை யவன மன்னர் ஐவர் பெயரை அசோகன் குறிக்கிறான். அந்தியோகஸ், தாலமி, அந்திகோனஸ், மாகஸ், அலெக்சாந்தர் என்போர் அவர். அவர்தம் ஆட்சிக் காலங்கள் மேனாட்டு நூல்களால் தெரிந்தவை. ஐவரும் ஒருங்கே வாழ்ந்த காலம் கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. ஆகவே அச்சாசனமும் அக்காலத்ததே. பண்டை இந்திய வரலாற்றில் இத்துணை உறுதியாகக் காலம் கணிக்கத்தக்க இடங்கள் சிலவே.

கதையும் கல்லும்

இனி அன்பரின் வினாவுக்கு நேரே வருவோம். வரலாற்றைத் திருத்துவது ஏன்? சான்றுகள் ஒன்றோடொன்று மாறுபடும்போது எதனை எவ்வளவு நம்புவது என்று ஆராய வேண்டியிருத்தலே முதற் காரணம்.

அசோகன் தன் உடன்பிறந்தார் தொண்ணூற்றொன்பதின்மரைக் கொன்று அரியணை ஏறினான் என்று இலங்கை வரலாற்று நூலாகிய மகாவம்சம் கூறும். கொடியோனாக இருந்தவன் புத்த சமயம் சார்ந்து நல்லோனானான் என்று காட்டுதல் அந்நூலோர்க்கு உவப்பானது. ஆனால் ஐந்தாம் பாறைச் சாசனத்தில், முடிசூடிப் பல்லாண்டுகள் கழிந்த பின்னர், தன் உடன்பிறந்தார் இல்லங்களிலும் அறத்துறை அலுவலர் பணிபுரிவதாக அசோகன் எழுதுகிறான். கொல்லப்பட்டோருக்கு இல்லம் ஏது? அரியணைக்காகப் பூசல் நடந்திருக்கலாம். ஆனால் தொண்ணூற்றொன்பது என்னும் கணக்குக் கல்லின்முன் நிற்கவில்லை.

கல்லும் முழுமையைச் சொல்லும் என்று கருதிவிடுதல் கூடாது. கலிங்கப் போரில் ஒரு நூறாயிரம் பேர் மாண்டனர், ஒன்றரை நூறாயிரம் பேர் நாடு கடத்தப்பட்டனர் என்று வருந்திக் கூறும் பதின்மூன்றாம் சாசனம் கிர்நாரிலும் எர்ரகுடியிலும் பிற இடங்களிலும் உண்டு. கலிங்க நாட்டிலேயே, அதாவது ஒடிசாவின் தௌளியிலும் ஜௌகடாவிலும், அச்சாசனம் பொறிக்கப்படவில்லை. அலுவலர் மக்களை எவ்வாறு நடத்த வேண்டும் என்னும் வேறு சாசனங்களே அங்கு இடம் பெற்றுள்ளன. புண்பட்ட மக்களிடம் அப்புண்ணை நினைவூட்ட அரசன் விரும்பவில்லை போலும். எழுதியதைப் படிப்பது போலவே எழுதாது விட்டதையும் நோக்குதல் ஆராய்ச்சியாளர் கடன்.

திருத்தத்துக்கு இரண்டாம் காரணம், ஒரே சான்றை ஒவ்வொரு காலத்தவரும் தம் காலத்துக் கேள்விகளோடு அணுகுதல். மௌரியப் பேரரசு அசோகனுக்குப் பின் சுமார் ஐம்பது ஆண்டுகளில் வீழ்ந்தது. ஏன்? அந்தணர் எதிர்ப்பே காரணம் என்று 1910-இல் ஹரப்பிரசாத சாஸ்திரி எழுதினார். அதனை மறுத்த ஹேமச்சந்திர ராய்ச்சௌத்ரி, படைவலியைக் கைவிட்ட அறநெறிக் கொள்கையே நாட்டைத் தளர்த்தியது என்றார். ரொமிலா தாப்பர் 1961-இல் வெளியிட்ட நூலில், ஆட்சி அமைப்பிலும் பொருளாதாரத்திலும் காரணங்களைத் தேடினார். அசோகனது தம்மம் புத்த சமயத்தின் மறுபெயரன்று, பல சமயத்தாரையும் பல இனத்தாரையும் ஒன்றிணைக்க அவன் வகுத்த பொதுநெறி என்றும் விளக்கினார். இதற்குச் சற்று முன்னர், 1958-இல், ஆப்கானிய நாட்டுக் காந்தாரில் கிரேக்கத்திலும் அரமேய மொழியிலும் எழுதிய அசோகன் கல்வெட்டு ஒன்று கிடைத்திருந்தது. அங்குத் தம்மம் என்பதற்கு ஈடாகக் கிரேக்கத்தில் பயபக்தி எனப் பொருள்படும் பொதுச்சொல்லே ஆளப்பட்டுள்ளது.

அறிஞர் இவ்வாறு மாறுபடுதலைக் கண்டு, 'எல்லாம் அவரவர் மனம்போன போக்கு' என்று சலித்துக்கொள்வாருளர். அது முறையன்று. ஒருவர் ஒரு கருத்தை வெளியிடுகிறார், அடுத்தவர் அதற்குரிய சான்றைக் கேட்கிறார், புதுச்சான்று கிடைக்கின்றது, தகாத கருத்து உதிர்கின்றது. சாசனத்து அரசன் இலங்கை வேந்தன் என்பார் இன்று எவருமிலர். சான்று கண்டு திருத்துதல் ஆராய்ச்சி. விருப்பத்துக்கு ஏற்பச் சான்றை மறைத்தோ வளைத்தோ திருத்துதல் புனைவு. பாடநூல் மாறும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி, 'ஏன் மாற்றினார்?' என்பது மட்டுமன்று. 'எச்சான்று கொண்டு மாற்றினார்?' என்பதுமாகும்.

நம் பெயரும் அங்குண்டு

அசோகன் சாசனங்களில் தமிழகத்துக்கும் இடமுண்டு. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என நால்வரை, தன் ஆட்சிக்கு வெளியே எல்லைப்புறத்தில் உள்ளோராக இரண்டாம் பாறைச் சாசனத்தில் அவன் குறிக்கிறான். அந்நாடுகளிலும் மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவம் கிடைக்க வகை செய்ததாகக் கூறுகிறான்.

இதனைக் கண்டு, 'பேரரசன் அசோகனையும் தமிழர் போரில் வென்று துரத்தினர்' என மேடைகளிற் பேசுவாருளர். கல்லில் அவ்வாறில்லை. வென்றதாகவும் இல்லை, தோற்றதாகவும் இல்லை. மோரியர் வருகையைப் பற்றி அகநானூற்றில் மாமூலனார் பாடல்கள் குறிப்புத் தருகின்றன. அக்குறிப்பை எந்நிகழ்ச்சியோடு பொருத்துவது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடுண்டு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே வடபுலத்துப் பேரரசன் பெயர் சொல்லி மதிக்கத்தக்க அரசுகள் தமிழகத்தில் இருந்தன என்னும் மெய்யே போதிய பெருமையன்றோ? அதன்மேல் பூச்சு எதற்கு?

சோழரும் பாண்டியரும் கேரளரும் தெரிந்தவர். சத்தியபுத்திரர் யார்? இதற்குப் பலரும் பல விடை கூறினர். மராட்டிய நாட்டினர் என்றார் சிலர். கோசர் என்றார் சிலர். தகடூர் அதியமான் மரபினர் என்று ஊகித்தாரும் உளர். 1981-இல் திருக்கோவலூருக்கு அண்மையிலுள்ள சம்பை என்னும் ஊரில், குகைத்தளம் ஒன்றில் தமிழ்-பிராமி எழுத்திலமைந்த ஒற்றை வரி வெளிப்பட்டது. பாழி ஒன்றை வழங்கியவன் பெயர் அதில் உள்ளது: சத்தியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி. ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்தவனாக நாம் அறியும் பெயர், அசோகன் சாசனத்தின் பட்டத்தோடு ஒரே வரியில் இணைந்து நின்றது. அக்கல்வெட்டின் காலத்தைப் பற்றி இன்னும் வாதம் உண்டு. ஆயினும் சத்தியபுத்திரர் அதியர் மரபினர் என்பது விளங்கிவிட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடந்த வாதத்தை ஒரு வரி தீர்த்து வைத்தது.

காப்பது யார்?

அவ்வரியை எவரேனும் சுண்ணாம்பு பூசி மறைத்திருந்தால், அல்லது பாறையைச் சல்லிக்கு உடைத்திருந்தால் என்னாகும்? இது வீண் அச்சமன்று. மீரத்திலிருந்து பிரோஸ் ஷா கொணர்ந்த மற்றொரு தூண், 18-ஆம் நூற்றாண்டில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து ஐந்து துண்டுகளாயிற்று; 1867-இல் மீண்டும் ஒட்டி நிறுத்தப்பட்டது. தில்லியின் கிழக்குக் கைலாசப் பகுதியில் உள்ள பாறைச் சாசனம் 1966-இல்தான் வெளிப்பட்டது. வீடு கட்டும் பணிக்காகச் சென்ற ஒப்பந்தக்காரர் ஒருவர் கண்ணில் அது பட்டது. அவர் பார்த்தும் பாராததுபோற் போயிருந்தால், இன்று அதன்மேல் ஒரு வீடு நின்றிருக்கும்.

கல்வெட்டுத் துறையினர் செய்யும் பணி ஆரவாரமற்றது. கல்லைக் கழுவித் தூய்மை செய்கின்றனர். ஈரத்தாளை அதன்மேல் ஒட்டித் தூரிகையால் தட்டுகின்றனர். தாள் எழுத்தின் பள்ளங்களில் இறங்கிய பின் மேலே மை ஒற்றுகின்றனர். பள்ளம் வெண்மையாகவும் பிற இடம் கருமையாகவும் எழுத்து விளங்கும். மைப்படி என்பது இதுவே. கல் பின்னர் அழியினும் படி எஞ்சும். இன்று ஒளிப்படமும் கணினியும் துணைக்கு வந்துள்ளன. எனினும் படித்துப் பொருள் காண ஆள் வேண்டும். அவ்வாள் இல்லையேல், ஆயிரம் படி இருந்தும் சுல்தான் காலத்து நிலையே.

இதனை நாம் நம் இல்லத்தோடு பொருத்திப் பார்க்கலாம். ஊரைவிட்டு வந்து இரண்டு மூன்று தலைமுறை ஆன குடும்பங்கள் நம்மிடையே பல. பெட்டியின் அடியில் பாட்டனார் ஊரிலிருந்து எழுதிய அஞ்சலட்டைகள் இருக்கும். பாட்டியார் கையெழுத்தில் வரவுசெலவுக் குறிப்பு இருக்கும். திருமண மொய்க் கணக்கும், நிலத்துக்கான பழம் பத்திரமும், பெயரெழுதாத ஒளிப்படங்களும் இருக்கும். நாம் அவற்றைப் படிப்போம். நம் மக்களில் பலர் தமிழ் பேசுவர். படிப்பாரோ எனில் ஐயமே. அவர்தம் மக்களுக்கு அவ்வஞ்சலட்டை தில்லித் தூணைப் போலத்தான் தோன்றும். கைப்பிடியளவு எழுத்து; ஒருவருக்கும் விளங்காது. 'பெரியவர் ஏதோ எழுதியிருக்கிறார்' என்று கூறிப் பழைய தாளுக்கு எடைபோட்டுவிடுவர். அசோகன் எழுத்து மறையப் பல நூற்றாண்டுகள் ஆயின. வேற்றூரில் வாழும் குடும்பத்தில் அதற்கு இரண்டு தலைமுறை போதும்.

ஆகவே இத்திங்கள் செய்யத்தக்கவை சில கூறுவோம். ஒளிப்படங்களின் பின்புறத்தில், உள்ளோர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் கரிக்கோலால் எழுதி வையுங்கள். முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அவர் சொன்னது வேறு, நாம் ஊகித்தது வேறு என்று பிரித்துக் குறியுங்கள். இரு பெரியவர் ஒரே நிகழ்ச்சியை இருவகையாகச் சொன்னால் ஒன்றை அழித்துவிடாது இரண்டையும் எழுதி வையுங்கள். சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்பேடுகளையும் மலர்களையும் கறையான் தின்னவிடாது படியெடுத்து வைப்பது நம் பொதுக்கடமை. எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்டியிலுள்ள ஓர் அஞ்சலட்டையை எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்து எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள். பாடநூலைவிட அவ்வட்டை அவர்களை விரைவில் ஈர்க்கும். அதில் அவர்கள் குடும்பத்துப் பெயர் இருக்கின்றதல்லவா?

வினா எழுப்பிய அன்பருக்கு எம் விடை இதுவே. நடந்தது மாறுவதில்லை, நடந்ததைப் பற்றி நாம் அறிந்தது மாறுகின்றது. உங்கள் இளமைப் பாடமும் உங்கள் மக்களின் பாடமும் வேறுபட்டால், இருவரும் அமர்ந்து எந்தச் சான்றால் அது மாறிற்று என்று தேடிப் பாருங்கள். தில்லியில் உள்ளோர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்லாவுக்குச் செல்லலாம். மும்பையிலும் கொல்கத்தாவிலும் உள்ளோர்க்கும் அண்மையில் இடமுண்டு. சென்று வந்தோர் தம் பிள்ளைகள் கேட்ட கேள்விகளை இப்பகுதிக்கு எழுதினால் மகிழ்வோம். விடை காண முயல்வோம்.